போகிக்குப் பயந்து பழவேற்காடு

மெடிக்கல் கடைக்காரர் இரும்புச்சத்து மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார். கால்சியத்தை எடுத்து வைத்தார். மூன்றாவதாக நான் கேட்ட இன்ஹேலரை எடுத்தவர், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு முதல் இரண்டையும் இன்னொரு தடவை பார்த்தார்.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான்."

"இந்த மாத்திரை?"

"அதுவும் எனக்குத்தான்."

இன்ஹேலர் திரும்ப அலமாரிக்குப் போய்விட்டது. "மாசமா இருக்கும்போது இதெல்லாம் அடிக்கக் கூடாதுமா. டாக்டர்கிட்ட எழுதி வாங்கினு வா, தரேன்."

எனக்கு அப்போது நாலாம் மாதம். வயிறு இன்னும் வெளியே தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில், கும்மிடிப்பூண்டி பஜாரில் அந்தக் கடை வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. தைலம் வாங்க வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது ஸ்டீராய்டும்மா, கொழந்தைக்கு ஆவாது" என்றார். இருமல் மருந்துக்கு நின்ற ஒருவர் கற்பூரவல்லி இலையைச் சாறு பிழியச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவர் தூதுவளைதான் நல்லது என்றார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றியபோது நான் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஆஸ்துமா. பிறந்த வீடு பொன்னேரியில், அரிசி மில்லுக்கு அடுத்த கட்டடம். காலையில் வாசல் பெருக்கினால் குப்பையை விடத் தவிடுதான் அதிகம் சேரும். பன்னிரண்டாவது பரீட்சையைக்கூட மேஜை மேல் இன்ஹேலரை வைத்துக்கொண்டுதான் எழுதினேன். கல்யாணம் ஆகி ஆரம்பாக்கம் பக்கத்துக் கிராமத்துக்கு வந்த பிறகு காற்று கொஞ்சம் தேவலை. காலையும் மாலையும் தவறாமல் அடித்துக்கொண்டு, தொழிற்பேட்டையில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆஸ்துமா இருக்கிறது என்பதே பல நாள் ஞாபகத்துக்கு வராது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் கடையில் நடந்ததைச் சொன்னேன். அத்தை என்றால் என் வீட்டுக்காரரின் அம்மா. சின்ன வயதில் நடவு நட்டவர். பிறகு இருபது வருஷம் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. இப்போது இரண்டு ஆடுகளையும் எங்கள் தெருவையும் மேய்க்கிறார். எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார்.

"நல்லதாப் போச்சு" என்றார் அத்தை. "கொழந்தை பொறக்கற வரைக்கும் அந்த பம்ப்பு வோணாம். நான் கசாயம் போட்டுத் தரேன். டாக்டரம்மாவ பாக்கப் போற தேதி வருதில்ல, அப்போ கேட்டுக்கலாம்."

அந்தத் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வீட்டில் இருந்த பழைய இன்ஹேலர் இரண்டு நாளில் காலி. அதன் பிறகு கஷாயம். மிளகு, திப்பிலி, ஆடாதோடை, இன்னும் அத்தைக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒரு வேர். குடித்தால் காது வரை காரம் ஏறும். நெஞ்சு கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயிற்றில் பிள்ளை இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று கம்பெனியில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை சாம்பிராணி போட்டார். வழக்கமாகப் போடுவதுதான். அன்றைக்கு, பிள்ளைத்தாய்ச்சியின் மேல் ஊர்க் கண் எல்லாம் விழுந்திருக்கும் என்று, தூபக்காலில் இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டு, வேப்பிலையையும் சேர்த்து, என்னை நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில் நான் இருமினேன். அத்தை, "இருமு, இருமு, திருஷ்டி போவுது" என்றார்.

திருஷ்டி போகவில்லை, மூச்சுதான் போனது. நெஞ்சுக்குள் விசில் சத்தம் எனக்கே கேட்டது. "அத்தே" என்று கூப்பிட்டேன். அதற்கு மேல் அடுத்த வார்த்தை வரவில்லை. அவசரத்துக்கு என்று வைத்திருந்த நீல இன்ஹேலரைத் தேடி எடுத்து அழுத்தினால், மருந்து வராமல் வெறும் காற்று வந்தது. நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்ததை அத்தை ஒரு நொடி பார்த்தார். தூபக்காலை அப்படியே வாசலில் கவிழ்த்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டு ஆட்டோவை அழைக்க ஓடினார்.

வீட்டுக்காரருக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். இரும்பு உருக்கும் கம்பெனி என்பதால் போன் லாக்கரில் இருக்கும். ஆட்டோவில் நானும் அத்தையும்தான். வழியெல்லாம் என் முதுகைத் தடவிக்கொண்டே, "தோ வந்துட்டோம், தோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வருவதற்கு ரொம்ப நேரம் முன்னாலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் உட்காரவைத்து, முகத்தில் மாஸ்க் மாட்டி, மருந்தை ஆவியாக விட்டார்கள். ஆக்சிஜனும் வைத்தார்கள். மெல்ல மெல்ல நெஞ்சு திறந்துகொண்டது. அதன் பிறகு அன்று பணியில் இருந்த டாக்டரம்மா வயிற்றில் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார். அறை முழுக்கப் படபடவென்று சத்தம் கேட்டது. அத்தை எட்டிப் பார்த்து, "மோட்டாரு ஓடற மாதிரி கீதே" என்றார்.

"நல்லாத்தான் ஓடுது" என்றார் டாக்டரம்மா. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. பிறகு என் பக்கம் திரும்பி, "தினமும் அடிக்கிற இன்ஹேலரை எப்போ நிறுத்தினீங்க?" என்று கேட்டார்.

நான் மெடிக்கல் கடைக் கதையைச் சொன்னேன். அத்தை இடையில் புகுந்தார். "கொழந்தைக்கு ஆவாதுன்னு எல்லாரும் சொன்னாங்க மேடம்."

"கொழந்தைக்கு இப்போ மூச்சு யார் விடறாங்க?"

அத்தை யோசித்தார். "இவதான்."

"இவங்களுக்கே காத்து பத்தலைன்னா?"

அத்தை முந்தானையை எடுத்து என் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இன்ஹேலர் மருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது, குழந்தைக்குப் போய்ச் சேர்வது ரொம்பக் கொஞ்சம், கர்ப்பத்தில் எத்தனையோ பேர் இதை எடுத்துக்கொண்டு நல்லபடியாகப் பெற்றிருக்கிறார்கள். மருந்தை நிறுத்தி, மூச்சுத் திணறுவதுதான் இரண்டு உயிருக்கும் ஆபத்து. தினமும் அடிக்கிறதை விடவே கூடாது, அடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். நீலத்தை அவசரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அது அடிக்கடி தேவைப்பட்டால் வந்து காட்ட வேண்டும். நீலத்துக்கும் அடங்காமல் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை என்றால் யோசிக்காமல் ஓடி வர வேண்டும்.

"மாசமா இருந்தா மூச்சு வாங்கும்தானே மேடம், இது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"படி ஏறி மூச்சு வாங்கி, உக்காந்ததும் சரியாப் போச்சுன்னா அது அனேகமா வயிறு. இருமல், விசில், நெஞ்சு இறுக்கம்னு வந்தா அது ஆஸ்துமா. சந்தேகமா இருந்தா நீங்க முடிவு பண்ணாதீங்க, வாங்க."

கஷாயத்தைப் பற்றி அத்தை தயங்கித் தயங்கிக் கேட்டார். அதில் என்னென்ன போடுகிறீர்கள் என்று டாக்டரம்மா விசாரித்தார். அந்தப் பெயர் தெரியாத வேர் வந்ததும், "மாசமா இருக்கிறவங்களுக்கு அது வேணாம்மா" என்று சொல்லிவிட்டார். "தும்மல் வந்தா சுக்கு காப்பி குடுங்க, போதும்." ராத்திரி, ஷிப்ட் முடிந்து, வீட்டுக்காரர் அலறி அடித்துக்கொண்டு வந்தபோது அவருடைய அம்மா அவருக்கே பாடம் நடத்தினார். "கொழந்தைக்கு மூச்சு யாரு வுடறாங்க? சொல்லு பாப்போம்!"

அன்றிலிருந்து அத்தை வேறு ஆள். சாம்பிராணி டப்பா பரண் மேல் ஏறியது. கொசுவத்திச் சுருள் போய்க் கொசுவலை வந்தது. ஊதுவத்திக்குப் பதில் சாமிக்கு இரண்டு முழம் பூ கூடுதலாகக் கிடைத்தது. துடைப்பத்தை எடுத்தால் முதலில் தண்ணீர் தெளிப்பார். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தால் நேராகப் பின்கட்டுக் குழாயடிக்குப் போய்க் குளித்து, கம்பெனித் துணியை அங்கேயே ஊறப்போட்டுவிட்டுத்தான் உள்ளே வரலாம்.

"என் ஊட்டுக்குள்ள நான் பர்மிசன் வாங்கினு வரணும் போல" என்று அவர் முணுமுணுப்பார்.

"உன் மேல கீறது இரும்புத் தூசி நைனா. பொண்டாட்டி நெஞ்சுல கொண்டாந்து கொட்டாத."

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. காலையில் நான் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, தெரு முனையிலிருந்து அத்தையின் குரல் வரும். "பம்ப்பு அட்ச்சியா?" பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். நான் தலையாட்டுவேன். "வாய் கொப்புளிச்சியா?" மறுபடியும் தலையாட்டுவேன். ஒரு மாதத்தில் டிரைவரே, "பம்ப்பு அட்ச்சாச்சா, வண்டிய எடுக்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். கம்பெனியிலும் என்னை அட்டை வெட்டும் மெஷின் பக்கத்திலிருந்து லேபிள் ஒட்டும் அறைக்கு மாற்றினார்கள். காகிதத் தூசி இல்லாத அந்த அறைக்குள், பஸ்ஸில் என்னுடன் வரும் பெண்கள் எட்டிப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

தீபாவளிக்கு மழை காப்பாற்றியது. விடிந்ததிலிருந்து கொட்டியதில் ஊரில் பாதிப் பட்டாசு நமுத்துப்போனது. அத்தை வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த மழை மாதம் முழுக்கச் சுவர் ஓதம் அடித்து எனக்குச் சளி பிடித்தது. நீலம் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தேவைப்பட்டது. டாக்டரம்மா சொன்னபடியே போய்க் காட்டினோம், மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினார், சரியானது. முதல் பிரசவம், அம்மா வீட்டுக்குத்தான் போக வேண்டும். தவிட்டுத் தூசியில் போய் உட்கார வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதால், என் அம்மாதான் வாராவாரம் பொன்னேரியிலிருந்து ரயிலேறி எங்களிடம் வந்து போனார்.

பிறகு மார்கழி வந்தது. அத்தைக்கு முகம் வாடிப்போனது. காரணம், போகி.

எங்கள் தெருவில் போகி என்றால் அத்தைதான். கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த முறம் எல்லாம் மாதக்கணக்கில் பின்கட்டில் சேரும். விடியும் முன் எழுந்து, எல்லா வீட்டுப் பழசையும் வரவழைத்து, முச்சந்தியில் குவித்து, முதல் தீயை அவர்தான் வைப்பார். மேளம் சரியாக அடிக்கவில்லை என்றால் பிடுங்கித் தானே அடித்துக் காட்டுவார். அப்படிப்பட்டவர் வீடு வீடாகப் போய், இந்த வருஷம் எரிக்க வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார்.

ஆட்டோக்காரர் மனைவி சிரித்துவிட்டார். "போன வருசம் நம்ம நெருப்பு சின்னதா கீதுன்னு என் ஊட்டு நல்ல பாயவே இழுத்துப் போட்டியே அக்கா, மறந்துட்டியா? சரி, உன் மருமவளுக்காக நம்ம தெருவுல கொஞ்சமா வெச்சிக்கறோம். ஆனா அடுத்த தெருக்காரன நான் இன்னா பண்றது?"

அது நியாயம்தான். பனியில் எல்லாத் தெருப் புகையும் ஒன்றாக இறங்கி, நெல் வயலுக்கு மேல் வெயில் ஏறும் வரை அசையாமல் நிற்கும். ஜன்னலை மூடி ஈரத்துணி கட்டலாம் என்றார் வீட்டுக்காரர். அத்தை ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு போனை எடுத்தார்.

பழவேற்காட்டில் அத்தைக்கு ஒரு சிநேகிதி, இறால் கம்பெனியில் ஒரே மேஜையில் எதிரெதிரே நின்று உரித்தவர். கிறிஸ்தவர்கள் குடியிருக்கும் தெரு, ஏரிக்கரையை ஒட்டிய வீடு, அங்கே போகி கிடையாது. "நீ கேக்கணுமா? இட்டுக்கினு வாடி" என்று சிநேகிதி கத்தியது எனக்கே கேட்டது. டாக்டரம்மாவிடமும் கேட்டுக்கொண்டோம். இன்ஹேலர் இரண்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டு, குலுங்காமல் போய் வாருங்கள் என்றார்.

போகிக்கு முந்தின நாள் மத்தியானம், பக்கத்து வீட்டு ஆட்டோவிலேயே கிளம்பினோம். அத்தை கடைசியாக வந்து ஏறினார். கையில் சுருட்டிக் கட்டிய பழைய பாய்.

"இது இன்னாத்துக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"போகி அன்னிக்குப் பழசு ஊட்ல இருக்கக் கூடாது."

"எரிக்கவும் கூடாது, வெக்கவும் கூடாதா?"

"அதான் கைல எடுத்துக்கினு வரேன். நீ வாய மூடிக்கினு ஒக்காரு."

பொன்னேரியில் அம்மா சாலையோரம் நின்று ஒரு பை முறுக்கு கொடுத்தார். பாயைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டார். சம்பந்தியைப் பற்றி அவருக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்து வெளியே வந்தபோது ஏரி வெளுத்துக் கிடந்தது. படகுகள் கரையில் சாய்ந்திருந்தன. தூரத்தில் நாரைக் கூட்டம் ஆழமில்லாத தண்ணீரில் நின்றிருந்தது. மூச்சை இழுத்தேன். தடையே இல்லாமல் அடி வரைக்கும் போனது. ஆஸ்துமா வந்ததிலிருந்து ஒரு போகிக் காலையில் நான் அப்படி மூச்சு விட்டதில்லை. வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது.

அத்தை மீன் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். இருப்புக் கொள்ளவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. "ஒரு மேளச் சத்தம்கூட இல்லியேமா. சாவு ஊடு மாதிரி கீது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து ஐஸ் பெட்டி மூடி ஒன்று அவர் கையில் அகப்பட்டது. முதலில் விரலால் தட்டினார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வெளுத்து வாங்கினார். வீட்டுக்காரர், "அம்மா, மானம் போவுது" என்று உள்ளே ஓடினார். சிநேகிதி பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்து, வாயில் நுரையோடு சிரித்தார். பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது.

அடித்துக் களைத்த பிறகு அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஏரியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னிக்கு நீ அத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு, அப்பால பேச முடியாம என்னப் பாத்தே பாரு. நான்தான் பொகையக் கொண்டாந்து மூஞ்சில வெச்சேன். இப்பக்கூட எங்கனா சாம்பிராணி வாசன வந்தா நான் வேற தெரு வழியா போயிடறேன்."

"உங்களுக்குத் தெரியாதே அத்தே. செருப்புகூட இல்லாம ஓடினீங்களே, அதைத்தான் நான் நினைச்சுப்பேன்."

"செருப்பு போடலியா நானு?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை.

பாய் வாசலில் அப்படியே கிடந்தது. சிநேகிதி அதைப் பிரித்து, வெயிலில் தூக்கிப் பார்த்தார். "நல்லாத்தானேடி கீது? இதப் போயி எரிப்பியா?" என்று சொல்லிக்கொண்டே மணலில் விரித்து, ஒரு கூடைக் காரப்பொடி மீனைக் காய வைக்க அதன் மேல் பரப்பிவிட்டார். அத்தையும் குனிந்து மீனைத் தள்ளிப் பரப்ப ஆரம்பித்தார். பழசு வீட்டை விட்டுப் போய்விட்டது. சாஸ்திரத்துக்கு அவ்வளவு போதும் என்று அவரும் முடிவு செய்திருக்க வேண்டும்.

சாயங்காலம் திரும்பினோம். தெருவில் புகை அடங்கியிருந்தது. ஆட்டோக்காரர் மனைவி, "நீ இல்லாம போகி நல்லாவே இல்லக்கா, பாதிப் பேரு எழுந்தே வரல" என்று குறைபட்டார். அத்தைக்கு அதில் ரகசியமாக ஒரு சந்தோஷம். மறுநாள் பொங்கலைக் கேஸ் அடுப்பில், சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்துப் பொங்கினார். வாசலில் கோலத்தின் நடுவில் வெறும் கரும்பு மட்டும் நின்றது.

மாசி முடியும் சமயம் ஒரு காலையில் வலி எடுத்தது. அன்றைக்கும் இன்ஹேலர் அடித்துவிட்டுத்தான் கிளம்பினேன், பிரசவ நேரத்திலும் விடக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பிரசவ வார்டு வாசலில் அத்தை, போகிற வருகிற நர்ஸ் ஒவ்வொருவரையும் நிறுத்தி, "என் மருமவளுக்கு வீசிங்கு கீதுமா, மருந்து குடுக்கும்போது பாத்துக் குடுங்க, பம்ப்பு பையில கீது" என்றார். உள்ளே வந்த மூத்த நர்ஸ், "உங்க மாமியார் பெருக்குற அம்மாகிட்டகூடச் சொல்லிட்டாங்க" என்று சிரித்தார். வலியோடு நானும் சிரித்தேன். மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. கத்திய கத்தலில் என் அம்மா வெளியே வாசலில் எழுந்து நின்றுவிட்டாராம்.

எட்டாம் மாதத்திலிருந்தே நான் முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடிதான் தூங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த அன்று கால்களை நீட்டி மல்லாந்து படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. விழித்தபோது ஜன்னலில் சாயங்கால வெயில். குழந்தைக்கு இரண்டு பக்கமும் வீட்டுக்காரரும் அத்தையும் குனிந்து உட்கார்ந்து, குரலை அடக்கிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மூக்கு அவளுது மாதிரி கீதுமா."

"சொம்மா இரு நைனா. நல்லாப் பாரு. இது நம்ம ஊட்டு மூக்கு. எவ்ளோ பெர்சா கீது! காத்து நல்லா வாங்கும்."

நான் கண்ணை மறுபடியும் மூடிக்கொண்டேன். சண்டை முடிய இன்னும் நேரம் ஆகும் போலிருந்தது.